டிராக்டருக்கு 3, அஜித் டீம் காருக்கு 6, நரேனுக்கு 10... சிலிண்டர் எண்ணிக்கையில் அப்படி என்னதான் இருக்கிறது?

தை பிறந்துவிட்டால் தஞ்சாவூர் பக்கம் காதுக்கு ஓய்வே கிடையாது. ஒரத்தநாடு, பாபநாசம், மன்னார்குடி என எந்தத் திசையில் போனாலும் சம்பா அறுவடை. சேறு காயாத வயலில் பெல்ட் வண்டி இறங்கி அறுத்துக்கொண்டிருக்கும். கதிர் அடித்த நெல்லை வாங்கிக்கொள்ள டிராக்டரும் டிரெய்லரும் வரப்போரம் காத்திருக்கும். எங்கோ ஒரு தோப்பில் பழைய ஆயில் இன்ஜின் 'டுக்... டுக்...' என்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்.

அதே வரப்பில் உட்கார்ந்து செல்போனில் ரேஸ் வீடியோ பார்க்கும் இளைஞர்களுக்கு வேறு சத்தம் பிடிக்கும். ஃபெராரியின் வி12, பழைய ஃபார்முலா ஒன் காரின் வி10, அமெரிக்க கார்களின் வி8. "இதுல எத்தனை சிலிண்டர் தெரியுமா?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. அறுவடைப் பணம் கைக்கு வந்து வீட்டுக்கு ஒரு கார் வாங்கலாம் என்ற பேச்சு வரும்போதும் அதே கேள்விதான் எழுகிறது. "மூணு சிலிண்டரா? அது சரிப்படுமா? நாலு சிலிண்டர் உள்ளதா பாருங்களேன்!"

சிலிண்டர் கூடினால் பவர் கூடும் என்பது பலரின் நம்பிக்கை. அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள இத்தாலிக்கோ ஜெர்மனிக்கோ போக வேண்டியதில்லை. நம் வயலில் நிற்கும் வண்டிகளே போதும்.

உரலும் உலக்கையும்

சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. காற்றை உள்ளே இழுப்பது, அதை அழுத்துவது, எரிபொருளை எரிப்பது, புகையை வெளியே தள்ளுவது என நான்கு வேலைகள். இந்த நான்கில் எரியும் அந்த ஒரு முறை மட்டும்தான் பலம் கிடைக்கிறது. அதாவது, இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால், ஒரு சிலிண்டர் ஒரே ஒரு முறைதான் உதைக்கும்.

உரலில் நெல் குத்துவதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மட்டும் குத்தினால் ஒவ்வொரு குத்துக்கும் நடுவே இடைவெளி விழும். அதே உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போட்டால் இடைவெளியே தெரியாது. சத்தமும் சீராகிவிடும். சிலிண்டர்களின் கணக்கும் இதுதான். எண்ணிக்கை கூடக் கூட உதைகள் நெருங்கி வரும், அதிர்வு குறையும், ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும்.

பழைய ஆயில் இன்ஜினில் ஒரே சிலிண்டர். மெதுவாக ஓடும் வகை நிமிடத்துக்கு 650 சுற்று போகும். நொடிக்கு ஐந்து உதைதான் என்பதால், அந்த 'டுக் டுக்'கை ஏறக்குறைய எண்ணிவிடலாம். நரேன் கார்த்திகேயன் 2011-ல் ஓட்டிய ஃபார்முலா ஒன் காரில் எட்டு சிலிண்டர், நிமிடத்துக்கு 18,000 சுற்று. நொடிக்கு 1,200 உதை! அதனால்தான் அது வெடிச் சத்தமாகக் கேட்காமல் வீறிடும் ஒரே குரலாகக் கேட்கிறது.

டெல்டாவின் சிலிண்டர் வரிசை

நம் வயல்களிலேயே ஒன்று முதல் ஆறு வரை எல்லாம் உண்டு. சேற்றுழவு ஓட்டும் பவர் டில்லர் ஒற்றை சிலிண்டர். வி.எஸ்.டி. நிறுவனத்தின் பிரபலமான மாடல் 13 குதிரைத்திறன் தருகிறது. சென்னையின் டாஃபே நிறுவனம் தயாரிக்கும் மாஸி ஃபெர்குசன் 241 டிராக்டரில் மூன்று சிலிண்டர், 2,500 சி.சி., 42 குதிரைத்திறன். அதன் இன்ஜினும் சென்னை சிம்சன் நிறுவனத்தின் தயாரிப்புதான்.

சேற்றில் புதையாமல் ஓடும் பெல்ட் வகை அறுவடை இயந்திரங்களில் குபோட்டா டி.சி.68 ஒரு வகை. அதில் நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர், டர்போ உண்டு, 68 குதிரைத்திறன். காய்ந்த வயலில் இறங்கும் பெரிய டயர் வண்டிகள் பலவற்றில் அசோக் லேலண்டின் ஆறு சிலிண்டர் இன்ஜின். அது சுமார் 100 குதிரைத்திறன்.

இதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். டிராக்டரும் பெல்ட் வண்டியும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு. இருந்தும் டர்போ உள்ள இன்ஜின் ஒன்றரை மடங்குக்கு மேல் பலம் தருகிறது. இன்னும் ஒரு இன்ஜினை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் சூடு பிடிக்கும்.

நரேனின் காரும் நாற்பத்திரண்டு குதிரையும்

டெல்டாவில் கார் ரேஸ் டிராக் கிடையாது. தமிழ்நாட்டின் ரேஸ் சரித்திரம் சோழவரம் விமான ஓடுதளத்தில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையம் என்று நகர்ந்தது. கோவையின் கரிவரதன், மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். செட்டிபாளையம் டிராக் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி 800-ன் இன்ஜின் 796 சி.சி., மூன்று சிலிண்டர். கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 1990-களின் தொடக்கத்தில் ரேஸ் வாழ்க்கையைத் தொடங்கியதும் ஃபார்முலா மாருதி காரில்தான்.

அதே நரேன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கினார். அந்தப் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அந்த காரில் டொயோட்டாவின் 3 லிட்டர் வி10. அந்த ஆண்டு அமெரிக்காவின் இண்டியனாபொலிஸில், டயர் பிரச்னையால் ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். பிறகு 2011-ல் ஹெச்.ஆர்.டி. அணியில் அவர் ஓட்டியது காஸ்வொர்த் நிறுவனத்தின் வி8. அதன் கொள்ளளவு 2.4 லிட்டர்.

2.4 லிட்டர்! நம் மாஸி ஃபெர்குசனின் 2.5 லிட்டரைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால், டிராக்டர் தருவது 42 குதிரைத்திறன், அந்த வி8 தந்தது சுமார் 750. வயிறு ஒரே அளவு, பலம் மட்டும் பதினெட்டு மடங்கு எப்படி?

ரகசியம் பிஸ்டனில் இருக்கிறது. டிராக்டரில் 2,500 சி.சி.யை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சிலிண்டரும் 830 சி.சி.க்கு மேல். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 127 மில்லி மீட்டர் மேலும் கீழும் பயணம் செய்கிறது. வி8-ல் எட்டுப் பேர். ஒவ்வொன்றும் 300 சி.சி.தான். பிஸ்டன் 98 மில்லி மீட்டர் அகலம். ஆனால், அது நகரும் தூரம் சுமார் 40 மில்லி மீட்டர் மட்டுமே. நீளமாக நடப்பவரைவிட, குட்டையாக அடி வைப்பவர் வேகமாக அடி மாற்றலாம் அல்லவா? அதே கதைதான். டிராக்டர் வயலில் சுமார் 2,000 சுற்றுக்குள் வேலையை முடித்துவிடும். அதை 18,000 சுற்றுக்கு விரட்டினால், பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 76 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். அதற்கு முன்பே இன்ஜின் உடைந்து சிதறிவிடும். வி8-ல் அதே சுற்றுக்கு 24 மீட்டர் போதும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பும் விசையை டார்க் என்கிறார்கள். 750 குதிரைத்திறனை 18,000 சுற்றில் தரும் இன்ஜினின் டார்க் சுமார் 300 நியூட்டன் மீட்டர். 42 குதிரைத்திறனை 2,000 சுற்றில் தரும் இன்ஜினின் டார்க் சுமார் 150. வித்தியாசம் இரண்டு மடங்குதான்! ஒவ்வொரு சுற்றிலும் ரேஸ் இன்ஜின் டிராக்டரைப்போல இரண்டு மடங்கு வேலை செய்கிறது, அவ்வளவே. மற்றதெல்லாம் ஒன்பது மடங்கு வேகமாகச் சுற்றுவதால் வந்த லாபம்.

அந்த லாபத்துக்கு விலையும் உண்டு. அந்தக் காலத்து ஃபார்முலா ஒன் விதிப்படி, ஒரு டிரைவருக்கு ஆண்டுக்கு எட்டு இன்ஜின்கள். சுமார் இருபது பந்தயங்களை அவற்றை வைத்து ஓட்டி முடிக்க வேண்டும். டிராக்டர் இன்ஜினோ குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டுக்கணக்கில் உழைக்கும். குறைந்த சுற்றிலேயே முழு மூச்சாக இழுக்கும். அந்தப் பலத்தைக் கியர் பல மடங்காக்கி, எடையும் பெரிய டயரும் சேற்றில் பிடித்துக்கொள்ளும். வி8-ஐக் கலப்பையில் பூட்டினால் சேற்றில் முதல் சாலிலேயே அணைந்து நின்றுவிடும். வேலைக்கு ஏற்ற இன்ஜின் என்பதுதான் முதல் பாடம்.

ரேஸிலேயே சிலிண்டர் குறைகிறது

சிலிண்டர் கூடினால் நல்லது என்றால், ஃபார்முலா ஒன் ஏன் அவற்றைக் குறைத்துக்கொண்டே வந்தது? 2005 வரை வி10. 2006 முதல் வி8. 2014 முதல் 1.6 லிட்டர் வி6, டர்போ, கூடவே மின் மோட்டார். ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள்தான் என்ற வரம்பும் அப்போது வந்தது. சிலிண்டரும் கொள்ளளவும் குறைந்தும் மொத்த பலம் குறையவில்லை. வி6 காலத்தில் மோட்டாரையும் சேர்த்து அது 1,000 குதிரைத்திறனைத் தொட்டது. 2026 விதிகளில் மின்சாரத்தின் பங்கு ஏறக்குறைய பாதியாகிறது.

காரணம் டர்போ. வீணாக வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் திணிப்பதுதான் அதன் வேலை. காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம். மெர்சிடிஸின் ஏ.எம்.ஜி. ஏ45 எஸ் காரில் வெறும் 2 லிட்டர், நான்கு சிலிண்டர். பலம் 421 குதிரைத்திறன். நம் அப்பாக்கள் காலத்து அம்பாசடரிலும் நான்கு சிலிண்டர்தான். 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் தந்தது சுமார் 50 குதிரைத்திறன். எண்ணிக்கை ஒன்றுதான். காலம்தான் வேறு.

தமிழ்நாட்டு ரசிகர்கள் பேசிக்கொண்டிருக்கும் சென்னை இரவுப் பந்தயமும் இதற்கு உதாரணம். 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி நடந்த அந்தப் பந்தயத்தில், இந்தியன் ரேஸிங் லீக் கார்களில் இருந்தது அப்ரிலியா பைக்கிலிருந்து வந்த 1.1 லிட்டர் வி4 இன்ஜின். எடை குறைந்த காருக்கு அதன் 220 குதிரைத்திறனே தாராளம்.

எத்தனை என்பதோடு, எப்படி நிற்கிறது?

சிலிண்டர்கள் நிற்கும் விதத்தைப் பொறுத்தும் இன்ஜினின் குணம் மாறும்.

*நேர்வரிசை:* சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். நம் ஊர்க் கார்கள், டிராக்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான். செலவு குறைவு, பழுது பார்ப்பது சுலபம். வரிசையில் ஆறு நின்றால் ஒன்றின் அதிர்வை மற்றொன்று முழுவதும் சமன் செய்துவிடும். பி.எம்.டபிள்யூவின் ஆறு சிலிண்டர் இன்ஜின் அதற்குத்தான் பேர்போனது.

*வி வடிவம்:* இரண்டு வரிசைகள் சாய்ந்து நிற்பதால் நீளம் குறையும். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று போனால் இதுதான் வழி. வி12 என்பது இரண்டு நேர்வரிசை ஆறுகளைச் சாய்த்து ஒட்டிவைத்த மாதிரி. அதன் மென்மைக்குக் காரணம் அதுதான்.

*பாக்ஸர்:* பிஸ்டன்கள் படுத்த நிலையில், எதிரெதிராகக் குத்துச்சண்டை போடுவதுபோல அசையும். எடை தரையோடு ஒட்டி இருப்பதால் வளைவில் கார் அதிகம் சாயாது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் ரேஸிங் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அந்த போர்ஷே 911 ஜி.டி.3 கப் காரில் இருப்பது இந்த வகைதான். ஆறு சிலிண்டர், 4 லிட்டர், டர்போ கிடையாது, 510 குதிரைத்திறன். பயிற்சியின்போது கார் மோதியதால், அஜித் தன் அணிக் காரை ஓட்டாமல் வேறு அணியின் போர்ஷே கேமன் காரை ஓட்டினார். அதிலும் ஆறு சிலிண்டர் பாக்ஸர்தான். 24 மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டிய இடத்தில், ஒரேயடியாகப் பாயும் பலத்தைவிட நிதானமாக நீடிக்கும் பலத்துக்குத்தான் மதிப்பு.

*டபிள்யூ:* 2005-ல் வந்த புகாட்டி வேரான் காரில் பதினாறு சிலிண்டர்கள், நான்கு டர்போ, 1,001 குதிரைத்திறன். ஷோரூமில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டிய ரகம்.

*சிலிண்டரே இல்லாதது:* மஸ்டாவின் ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண உருளை சுழலும். 1991-ல் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே அது வென்றது. இன்று மின்சார கார்களிலும் சிலிண்டர் கிடையாது. நின்ற இடத்திலிருந்தே முழு டார்க்கும் கிடைக்கும்.

சரி, நம் வீட்டுக்கு எது?

இப்போது ஷோரூமுக்கு வருவோம். ஒரே காரில் இரண்டு இன்ஜின்களையும் ஒப்பிட வசதியான உதாரணம் ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ். அதன் 1 லிட்டர் டர்போ பெட்ரோலில் மூன்று சிலிண்டர், 115 குதிரைத்திறன், 178 நியூட்டன் மீட்டர் டார்க். 1.5 லிட்டர் டர்போவில் நான்கு சிலிண்டர், 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். இரண்டுமே 2,000 சுற்றுக்குள்ளேயே முழு டார்க்கையும் தரத் தொடங்கிவிடும். 1.5 லிட்டர் இன்ஜினில் இன்னொரு சுவாரஸ்யம். சமதளத்தில் நிதானமாகப் போகும்போது அது நான்கில் இரண்டு சிலிண்டர்களைத் தானாக நிறுத்தி பெட்ரோலை மிச்சம் பிடிக்கும். காசு கொடுத்து வாங்கிய சிலிண்டரை காரே ஓய்வெடுக்க வைக்கிறது!

இங்கே பலம் கூடியதற்குப் பெரும் காரணம் 1 லிட்டர் 1.5 லிட்டர் ஆனது. நான்காவது சிலிண்டர் கூடுதலாகத் தருவது மென்மை. மூன்று சிலிண்டரில் உதைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். அதனால் சிக்னலில் ஏ.சி. போட்டு நிற்கும்போது ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் லேசான அதிர்வு தெரியலாம். வேகம் எடுத்ததும் அது மறைந்துவிடும்.

மூன்று சிலிண்டர் கார்கள் இங்கே பெருகியதற்கு வரியும் ஒரு காரணம். 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள் அல்லது டீசல் இன்ஜின் 1,500 சி.சி.க்குள் இருந்தால் சிறிய கார் என்று கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். அதைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவிகிதம். சின்ன இன்ஜினில் டர்போ வைத்துப் பலத்தைக் கூட்டினால் வரியும் மிச்சம், மைலேஜும் மிச்சம்.

அதனால் விளம்பரத்தில் எண்ணைப் பார்ப்பதைவிட, டெஸ்ட் டிரைவில் இவற்றைப் பாருங்கள்:

* தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி. போட்டு ஓட்டிப் பாருங்கள். சின்ன இன்ஜினின் உண்மையான பலம் அப்போதுதான் தெரியும்.

* பெரிய கோயில் பக்கத்து நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். குறைந்த சுற்றில் திணறுகிறதா, அதிர்கிறதா என்று கவனியுங்கள்.

* திருச்சி நான்கு வழிச் சாலையில் 60-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்கு எவ்வளவு நிதானமாக ஏறுகிறது என்று பாருங்கள். லாரியை முந்தும்போது உங்களுக்குத் தேவைப்படும் பலம் அதுதான். பூஜ்ஜியத்திலிருந்து நூறு என்ற கணக்கு ரேஸ் டிராக்குக்கு.

* டர்போ இன்ஜினுக்குக் குறிப்பிட்ட ஆயிலை, குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவையும் ஷோரூமிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் பெரியவர்கள் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. டெல்டாவின் உள்சாலைகளில் பாதி, ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் போகின்றன. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளமான வயல், பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லும் காயும், விளக்கில்லாத டிரெய்லரும் நிற்கும். அந்தச் சாலையில் 115 குதிரைத்திறனும் 150-ம் ஒன்றுதான். அங்கே உயிரைக் காப்பாற்றுவது பிரேக்கும் டயரும் சீட் பெல்ட்டும். கூடுதல் இன்ஜினுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கூடுதல் ஏர்பேக் உள்ள மாடலுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

மனசு கேட்கிற சத்தம்

கணக்கெல்லாம் சரி. ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே! ஸ்வீடனின் கோனிக்செக் நிறுவனம் 2020-ல் மூன்று சிலிண்டரிலேயே 600 குதிரைத்திறன் தரும் இன்ஜினை ஜெமெரா காருக்காக அறிவித்தது. இன்ஜினியர்கள் வியந்தார்கள். பிறகு அதே காருக்கு வி8-ம் கிடைக்கும் என்று சொன்னதும், வாங்க வந்தவர்கள் வி8 பக்கமே சாய்ந்துவிட்டார்கள். கோடிகளைக் கொடுப்பவர்களும் கடைசியில் காதுக்குத்தான் செலவு செய்கிறார்கள். நம் வரப்பில் உட்கார்ந்து வி12 சத்தத்தைக் கேட்டு ரசிக்கும் பையனின் ஆசையும் அதுவேதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையத்திலோ ஒரு ரேஸ் நாளில் அவனை அழைத்துப்போய் நேரில் கேட்க வைக்கலாம். நரேனும் மூன்று சிலிண்டரில் தொடங்கியவர்தான் என்ற கதையைப் போகிற வழியில் சொல்லலாம்.

பொழுது சாய்கிறது. டிரெய்லர் நிறைய நெல்லோடு டிராக்டர் கொள்முதல் நிலையத்தை நோக்கிக் கிளம்புகிறது. வயலிலிருந்து சாலைக்கு ஏறும் மேட்டில், ஓட்டுபவர் கியரைக் குறைத்து மெதுவாக மிதிக்கிறார். மூன்று சிலிண்டரும் மாற்றி மாற்றி உதைக்க, அத்தனை பாரமும் அசங்காமல் மேலே ஏறுகிறது.